300 ரூபாய் மடக்குக் கத்தி: துரு எடுப்பது முதல் தீட்டுவது வரை

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் மரப்பிடி போட்ட பழைய மடக்குக் கத்தி ஒன்றை 300 ரூபாய்க்கு வாங்கினேன். அலகு இரண்டரை அங்குலம் இருக்கும். கருத்துப்போய், அங்கங்கே துருப்பிடித்திருக்கிறது. திறக்கப் போனால் நகமே பிய்ந்துவிடும் போலிருக்கிறது. கொட்டான் முடைய ஓலை கிழிக்க அப்பத்தா ஒரு சின்னக் கத்தி கேட்கிறார். மாங்காய் நறுக்கவும் பார்சல் பிரிக்கவும் எனக்கும் ஒன்று வேண்டும். சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்துவிடலாமா? கல் வாங்குவதென்றால் எந்தக் கல்?

பதில்:

சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். அவர் வேலையில் குறையில்லை. அரிவாள்மனைக்கும் வெட்டரிவாளுக்கும் அவர்தான் சரியான ஆள். மடக்குக் கத்தியின் அலகோ முதுகிலேயே 2 மில்லிமீட்டர்தான் கனம். வெட்டும் விளிம்பான வாய்ப்பக்கம் வரும்போது தாள்போல மெலிந்துவிடும். காய்ந்த சக்கரத்தில் பொறி பறக்க இரண்டு இழுப்பு இழுத்தாலே அந்த விளிம்பு சூடேறிவிடும். வைக்கோல் நிறம் தெரிந்தால் சூடு 220, 230 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கிறது. நீலம் தெரிந்தால் 300 டிகிரியை நெருங்கியிருக்கிறது. நீலம் பாய்ந்த இடத்தில் பதம், அதாவது எஃகின் கடினம், போயிற்று என்று அர்த்தம். அதன் பிறகு எவ்வளவு பொறுமையாகத் தீட்டினாலும் நாலு மாங்காயில் மழுங்கும். பதம் போன எஃகு முழுவதும் தேய்ந்து தீரும்வரை இதே கதைதான். வருடக்கணக்கில் கையால் தீட்டினால் குறைகிற அலகு ஒரே சாணையில் குறைந்துவிடும் என்பது அடுத்த நஷ்டம்.

கையால் தீட்டுவது பெரிய வித்தை இல்லை. பெரும்பாலோர் கோட்டைவிடுவது ஒரே இடத்தில்தான்: விளிம்பில் மெல்லிய எஃகுப் பிசிர் எழுவதற்கு முன்பே பக்கத்தை மாற்றிவிடுகிறார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் கையில் இருப்பது என்ன கத்தி என்று பார்த்துவிடுவோம்.

திறந்து மூடும்போது கடைசியில் 'டக்' என்று தானாக இழுத்துக்கொண்டால் அது வில்லுக்கத்தி. பிடியின் முதுகில் ஓடும் எஃகுத் தகடுதான் வில். அந்த இழுப்பே இல்லாமல், ஆணியின் இறுக்கத்தில் மட்டும் நிற்கிறது என்றால் சாதா மடக்கு. நகம் பிய்கிறது என்கிறீர்கள், ஆக உங்களுடையது வில்லுக்கத்தியாகத்தான் இருக்க வேண்டும். இதில் பூட்டு கிடையாது என்பதை மனதில் வையுங்கள். முனையால் குத்தினாலோ முதுகில் அடி விழுந்தாலோ அலகு விரல்மேல் மடங்கும்.

அடுத்து எஃகு. காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. கத்திக்குப் போடும் ஸ்டெயின்லெஸ் எஃகும் காந்தத்தில் ஒட்டும். ஆணிக்குப் பக்கத்தில் ஒரு சிறு இடத்தைத் துடைத்து, ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். சாம்பல் நிறமாகக் கறை விழுந்தால் கார்பன் எஃகு. விழாவிட்டால் ஸ்டெயின்லெஸ். உங்கள் கத்தி கருத்திருப்பதை வைத்துப் பார்த்தால் கார்பன் எஃகாகத்தான் தோன்றுகிறது. அப்படியானால் அதிர்ஷ்டம். சாதாக் கல்லிலேயே சுலபமாகக் கூர் ஏறும், பிசிரும் லேசில் உதிரும். மலிவான ஸ்டெயின்லெஸில் பிசிர் சவ்வுபோல ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

அலகின் அடியில், கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து ஊரான ஷெஃபீல்டின் முத்திரை இருந்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். பெயர்பெற்ற முத்திரைகளைப் போலியாகக் குத்தி விற்பது அந்தக் காலத்திலேயே நடந்தது. முத்திரையைவிட முக்கியம், அலகில் எவ்வளவு எஃகு மிச்சம் இருக்கிறது என்பது. மூடி வைத்தால் முனை பிடிக்குள் முழுதாக மறைய வேண்டும். முனை வெளியே துருத்தினாலோ, வாய் நடுவில் குழிந்து பிறைபோல இருந்தாலோ, முன்பு வைத்திருந்தவர் சாணையில் தின்னவிட்டிருக்கிறார். பழம்பொருள் கடைக்கு மறுபடி போனால் இன்னொன்றையும் கவனியுங்கள். தந்தப் பிடி, மான்கொம்புப் பிடி என்று சொல்லிக் காட்டினால் வாங்க வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வியாபாரமே குற்றம். எருமைக்கொம்பு, மரம், பித்தளை எதிலும் தொல்லையில்லை.

இனி திறக்கும் வேலை. நகத்தால் மல்லுக்கட்டாதீர்கள். ஆணியிலும் வில் உரசும் இடத்திலும் இரண்டிரண்டு சொட்டு மண்ணெண்ணெய் அல்லது டபிள்யூடி-40 விட்டு, ஆணிப்பக்கம் கீழே வரும்படி ஒரு டம்ளரில் இரவு முழுக்க நிறுத்தி வையுங்கள். காலையில், நகம் வைத்துத் திறக்க அலகில் இருக்கும் நகக்குழியில் ஒரு மெல்லிய நாணயத்தின் விளிம்பைக் கொடுத்து மெதுவாக எழுப்பினால் வரும். திறந்ததும் வாய் முழுக்க செலோடேப் சுற்றிவிடுங்கள். துடைக்கும்போதுதான் கை வெட்டுப்படும். பிறகு முப்பது தடவையாவது திறந்து மூடுங்கள். கருமையாகக் கசடு வெளியே வரும், துணியால் துடைத்துக்கொண்டே போங்கள். பிடியின் பள்ளத்துக்குள் பல வருடத்துத் தூசியும் பஞ்சும் கெட்டியாக அடைந்திருக்கும். அதைத் தோண்ட விளக்குமாற்று ஈர்க்குச்சியை விடச் சிறந்த கருவி கிடையாது. உலோகத்தைக் கீறாது, வளையும், ஒடிந்தால் அடுத்தது. கடைசியாகப் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு போட்ட வெந்நீரில் பழைய பல்துலக்கியைத் தொட்டுத் தேய்த்து, உடனே துடைத்து, அரைமணி நேரம் வெயிலில் திறந்து வையுங்கள். தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. மரப்பிடி ஊதி, வந்த வேலையைவிடப் பெரிய வேலை வந்து சேரும்.

காய்ந்தபின் ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நாளடைவில் பிசினாக இறுகும், உங்கள் கத்தி திறக்காமல் போனதற்கே அதுதான் காரணமாக இருக்கலாம். தையல் மெஷின் எண்ணெய் நல்லது, ஆனால் காய், பழம் நறுக்கும் கத்தியில் வேண்டாம். மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்கும் லிக்விட் பாரபின் வாங்குங்கள். நிறம், மணம், ருசி எதுவுமில்லை, பிசுபிசுக்காது, வயிற்றுக்குள் போனாலும் பரவாயில்லை. சின்னப் பாட்டில் ஒன்று வருடக்கணக்கில் வரும். அது இல்லாதபோது தேங்காயெண்ணெய் போதும்.

அலகு பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பாருங்கள். லேசான ஆட்டமானால், ஆணியின் ஒரு தலையை இரும்புக் கட்டிமேல் வைத்து, மறுதலையின் ஓரத்தைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். பத்துத் தட்டு, பிறகு திறந்து மூடிப் பார்ப்பது, தேவையானால் இன்னும் ஐந்து. அளவு மீறி இறுக்கினால் தளர்த்துவது கஷ்டம்.

துருவில் இரண்டு ஜாதி. செம்மை நிறத்தில் பொடியாக உதிர்வது எதிரி. கருமையோ நீலமோ சாம்பலோ படர்ந்து, விரலில் ஒட்டாமல் இருப்பது துருவைத் தடுக்கும் கறை, அதை விட்டுவிடுங்கள். செந்துருமேல் எண்ணெய் தடவி, 600 எண் வாட்டர் பேப்பரைச் சிறு மரத்துண்டில் சுற்றி, அடியிலிருந்து முனை நோக்கி நீளவாக்கில் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல் கண்ணை உறுத்தும். முத்திரை இருக்கும் இடத்தை விட்டுவிடுங்கள். பித்தளை அண்டாவைப் போலப் புளி போட்டுத் துலக்கலாமே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். வேண்டாம், புளிப்பு கார்பன் எஃகை அரிக்கும், துருவோடு நல்ல எஃகையும் தின்னும். துரு போன இடத்தில் சிறு குழிகள் தெரியும். அலகின் பக்கத்தில் இருப்பவை இருந்துவிட்டுப் போகட்டும். வாயிலேயே குழி இருந்தால் மட்டும் அந்த மட்டத்துக்குக் கீழே தீட்டி இறங்க வேண்டும்.

கல்லுக்கு வருவோம். இரும்புக் கடையில் இரட்டைக் கல் என்றோ காம்பினேஷன் கல் என்றோ கேட்டால், ஒருபுறம் சொரசொரப்பும் மறுபுறம் நைசுமாக, 8 அங்குல நீளம், 2 அங்குல அகலம், 1 அங்குலக் கனத்தில் சாம்பல் நிறக் கல் ஒன்றைக் கொடுப்பார்கள். சில நூறு ரூபாய்தான். இது சிலிக்கன் கார்பைடு. ஆச்செசன் என்ற அமெரிக்கர் 1891இல் மின் உலையில் உண்டாக்கி 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்த பொருள். நம்மூருக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1954இல் அமெரிக்க, இங்கிலாந்துக் கம்பெனிகளோடு சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கிய முருகப்பா குழுமத்தின் பூர்வீகம் பக்கத்திலிருக்கும் பள்ளத்தூர்தான். அதற்காக அந்தக் கல்தான் வேண்டும் என்றில்லை. தட்டையாக, இரண்டு முகம் உள்ள எந்தக் கல்லும் சரி. பிறகு ஆசை வந்தால், தண்ணீர் விட்டுத் தீட்டும் 1000 எண் தண்ணீர்க்கல் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே மூன்று நான்கு கல் வாங்குவது வீண்.

கல்லில் தண்ணீரா எண்ணெயா என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் ஒருமுறை எண்ணெய் குடித்த கல்லில் தண்ணீர் நிற்காது. என் சிபாரிசு, ஒரு சொட்டு பாத்திர சோப்பு கலந்த தண்ணீர். திரவத்தின் வேலை, தேய்ந்து வரும் எஃகுப் பொடியைக் கல்லின் துளைகளுக்குள் அடையவிடாமல் மிதக்க வைப்பது. உலர்ந்த கல்லில் தீட்டினால் கல் பளபளத்து வழுக்கும். அப்போது பாத்திரம் தேய்க்கும் நாரும் சோப்பும் போட்டுத் தேய்த்தால் மறுபடி பிடிக்கும். கல் நடுவில் குழிந்தால் கோணம் நிற்காது. ஸ்கேலை நிமிர்த்தி வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால், சமையல் மேடையின் கடப்பைக் கல்மேல் 120 எண் உப்புத்தாளை விரித்து, தண்ணீர் விட்டு, கல்லைக் கவிழ்த்துத் தேய்த்தால் சமமாகும். ஆத்தங்குடிக் கல் கண்ணாடிமேல் வார்ப்பதால் அதுவும் நல்ல சமம்தான். ஆனால் முகப்புத் தரையில் தீட்டுக்கல்லைத் தேய்த்தால் அப்பத்தாவுக்கு முதலில் கத்தி தேவைப்படுவது கொட்டானுக்காக இருக்காது.

கோணம். இதை டிகிரியில் சொன்னால் கை கேட்காது, உயரத்தில் சொன்னால் கேட்கும். அலகின் அகலத்தில் நாலில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் பக்கத்துக்கு 14.5 டிகிரி, மூன்றில் ஒரு பங்கு தூக்கினால் 19.5 டிகிரி. எந்தக் கத்திக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். உங்கள் அலகு சுமார் 16 மில்லிமீட்டர் அகலம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது புழக்கத்தில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கனம். முதுகுக்கு அடியில் இரண்டு நாணயம் அடுக்கினால், முதுகின் பாதிக் கனத்தையும் சேர்த்து 4 மில்லிமீட்டர், அதாவது 14.5 டிகிரி. மூன்று நாணயம் என்றால் ஐந்தரை மில்லிமீட்டர், 20 டிகிரி. தீட்டும்போது நாணயம் தேவையில்லை. அதன்மேல் வைத்துக் கைக்கு அந்தச் சாய்வைப் பழக்கிவிட்டு எடுத்துவிடுங்கள். ஓலைக்குச் சிறிய கோணம்தான் இனிக்கும். ஆனாலும் எஃகின் தரம் தெரியாத பழைய கத்திக்கு முதல் தடவை மூன்று நாணயக் கோணமே போடுங்கள். ஒரு மாதம் வாய் மடங்காமல் நின்றால் அடுத்த தடவை இரண்டு நாணயத்துக்கு இறங்கலாம்.

கோணம் சரியா என்று கண்டுபிடிக்க எளிய வழி, மார்க்கர் பேனா. வாயின் இரண்டு பக்கமும் மையிட்டு, கல்லில் இரண்டு இழுப்பு மட்டும் இழுத்துப் பாருங்கள். விளிம்பில் மை அப்படியே இருந்து மேலே மட்டும் அழிந்திருந்தால் முதுகைப் போதுமான அளவு தூக்கவில்லை. விளிம்பில் மட்டும் மயிரிழையாக அழிந்திருந்தால் அதிகம் தூக்கிவிட்டீர்கள். சாய்வு முழுக்கச் சீராக அழிந்தால் கோணம் அமைந்துவிட்டது. முதல் நாள் பத்துத் தடவை மையிட்டாலும் தப்பில்லை.

ஈரத்துணியை மேடைமேல் விரித்து அதன்மேல் கல்லை வையுங்கள், நகராது. கல்லின் நீளம் உங்களை நோக்கி இருக்கட்டும். வாய்ப்பக்கம் எதிரே பார்க்கும்படி கத்தியைப் பிடித்து, இடது கையின் இரண்டு விரலை அலகின்மேல் வைத்து, கல்லின்மேல் ஒரு மெல்லிய ஏட்டைச் சீவுவதுபோல் தள்ளுங்கள். தள்ளும்போதே அலகின் அடியிலிருந்து முனைவரை கல்லில் படும்படி பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். முனையருகே வாய் வளைகிறது அல்லவா, அங்கே பிடியைச் சற்றே உயர்த்தவும். உயர்த்தாவிட்டால் முனை மழுங்கலாகவே நிற்கும். அதிகம் உயர்த்தினால் உருண்டுவிடும். கல்லின் ஓரத்தைத் தாண்டி முனை விழவும் கூடாது. எத்தனையோ நல்ல முனைகள் அந்த ஒரு சறுக்கலில் உருண்டிருக்கின்றன. அழுத்தம் எவ்வளவு என்று தெரிய, கல்லைச் சமையல் தராசுமேல் வைத்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சொரசொரப்பில் தொடங்கும்போது 1 கிலோ காட்டலாம், கடைசி இழுப்புகளில் 200 கிராமைத் தாண்டக் கூடாது.

இப்போது பிசிர். ஒரே பக்கத்தைத் தொடர்ந்து தீட்டும்போது, இரண்டு சாய்வும் சந்திக்கும் இடம் வந்ததும், மிச்சமுள்ள மெல்லிய எஃகு எதிர்ப்பக்கமாக வளைந்து எழும். அதுதான் பிசிர். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. எதிர்ப்பக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்க்கு வெளியே நழுவவிட்டால், விளிம்பில் ஏதோ பிடிப்பதுபோல் கொக்கி தட்டும். விரலை வாயின் நீளவாக்கில் ஓட்டாதீர்கள், வெட்டும். விரலுக்குப் புரியாவிட்டால் கொஞ்சம் பஞ்சை அதே போல இழுத்துப் பாருங்கள், பிசிர் இருக்கும் இடத்தில் இழை சிக்கும். அடியிலிருந்து முனைவரை ஓரிடம் விடாமல் சிக்க வேண்டும். நடுவில் மட்டும் பிசிர் வந்து அடியிலும் முனையிலும் வராவிட்டால் அந்த இடங்களை மட்டும் தொடர்ந்து தீட்டுங்கள். முழுக்க வந்த பிறகுதான் பக்கத்தை மாற்ற வேண்டும்.

பழைய மழுங்கல் கத்திக்கு இது இருபது இழுப்பிலும் வரலாம், நூற்றைம்பதிலும் வரலாம். 'பக்கத்துக்குப் பத்து' என்று எண்ணி மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஒருநாளும் விளிம்பை எட்டுவதில்லை. அலகின் கன்னம் மட்டும் பளபளக்கும், வாய் அப்படியே இருக்கும், கடைசியில் எஃகைக் குறை சொல்வார்கள்.

முதல் பக்கத்தில் பிசிர் வந்ததும் மறுபக்கம் திருப்பி, பிசிர் இந்தப் பக்கம் புரளும்வரை தீட்டுங்கள். பிறகு பக்கத்துக்கு 10, 5, 3, 1 என்று குறைத்துக்கொண்டு, அழுத்தத்தையும் கூடவே குறைத்து வாருங்கள். கல்லை நைஸ் பக்கம் திருப்பி அதே வரிசை. இங்கே நேரம் ஆகாது, சொரசொரப்பின் கீறல்கள் மறைந்து சிறு பிசிர் எழுந்தால் போதும். வாயில் பற்கள் உடைந்திருந்தால் தவிரச் சொரசொரப்புப் பக்கத்தை இனி வருடத்துக்கு ஒருமுறைகூடத் தொட வேண்டியிருக்காது.

இங்கேயே நிறுத்தினால் இன்னொரு கண்ணி இருக்கிறது. பிசிர் மிச்சமிருக்கும் கத்தி முதலில் அபாரமாக வெட்டும். தாளை வகுந்து தள்ளும். இரண்டாவது மாங்காயில் அந்தப் பிசிர் மடங்கி, தீட்டவே இல்லையோ என்று தோன்றும். பிசிரை உதிர்க்க, நைஸ் கல்லில் கோணத்தை ஒரு மயிரிழை கூட்டி, கத்தியின் எடை மட்டும் படும்படி பக்கத்துக்கு இரண்டு இழுப்பு, மாற்றி மாற்றி. பிறகு தோல். பழைய பெல்ட்டின் சொரசொரப்பான உட்புறம் மேலே வரும்படி மரச்சட்டத்தில் ஒட்டி, பித்தளை துலக்கும் பிராஸோவோ, பாலிஷ் கடைகளில் கிடைக்கும் பச்சை மெழுகோ லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். கல்லில் வாய் முன்னே போயிற்று, தோலில் முதுகு முன்னே போக வேண்டும். மாறினால் தோல் கிழியும். பக்கத்துக்கு இருபது இழுப்பு. ஒவ்வொரு இழுப்பின் கடைசியிலும் கத்தியை நிறுத்திவிட்டு எடுங்கள். இழுத்த வேகத்தில் சுழற்றி எடுத்தால் வாய் உருளும். பனையேறிகள் பாளை அரிவாளுக்கு மரப்பலகையில் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) பொடி தூவித் தீட்டுவதும் இதே தத்துவம்தான். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பாலிஷ் மருந்து மாங்காயில் ஏறக் கூடாது. பெல்ட் இல்லாவிட்டால் செய்தித்தாளை நாலாக மடித்துப் பலகைமேல் வைத்து இழுங்கள், பாதி வேலை நடக்கும்.

சோதிக்க முதலில் விளக்கு. வாயைக் கண்ணுக்கு நேரே, விளக்குக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பாது. வெள்ளைக் கோடோ புள்ளியோ மின்னினால் அங்கே மழுங்கல் இருக்கிறது. அடுத்து ஓலை. காய்ந்த குருத்தோலையில் ஈர்க்கை நீக்கிவிட்டு, ஒரு மில்லிமீட்டர் உள்ளே முனையைப் பதித்து உங்கள் பக்கமாக இழுங்கள். நல்ல வாய் நரம்புக்கு இணையாகச் சத்தமில்லாமல் கடைசிவரை ஓடும். 'சர்ர்' என்று இழுத்து நார் தூக்கினால் பிசிர் மிச்சம் இருக்கிறது. பாதியில் ஓரத்துக்கு ஓடி ஓலை அறுந்தால் முனையருகே ஒருபக்கச் சாய்வு மட்டும் அதிகமாகிவிட்டது, மறுபக்கம் நாலு இழுப்புக் கொடுங்கள். கொட்டானுக்கு இழை ஒரே அகலத்தில் இருக்க வேண்டும் என்பதால், தாளை நறுக்கும் சோதனையில் தேறிய கத்தியும் ஓலையில் தோற்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் வாயில் ஒரே ஒரு இடம், வழக்கமாக நடுப்பகுதி, மறுபடி மறுபடி மழுங்குகிறது என்றால், காரணம் கல்லில் இல்லை, பிடிக்குள் இருக்கிறது. மூடும்போது வில்லின் இழுப்பில் அலகு வேகமாக உள்ளே விழுந்து, வாய் வில்தகட்டில் மோதுகிறது. கண்டுபிடிக்க, ஒரு துண்டுத் தாளைப் பள்ளத்துக்குள் வைத்து வழக்கம்போல் மூடிப் பாருங்கள். தாளில் வெட்டு விழுந்தால் மோதுகிறது. மெல்லிய தோல் துண்டு ஒன்றைப் பள்ளத்தின் அடியில் ஒட்டிவிடுங்கள், கடைசி அரை அங்குலத்தை விரலால் பிடித்து மெதுவாக மூடிப் பழகுங்கள். அலகின் அடியில், ஆணிக்கு அருகே கூரில்லாத சிறு மேடு ஒன்று வில்மேல் உட்காரும். மூடிய கத்தியில் வாயைத் தகட்டில் படாமல் நிறுத்துவது அந்த மேடுதான். முனை வெளியே துருத்துகிறது என்று சிலர் அதை அரத்தால் ராவிவிடுவார்கள். முனை உள்ளே போகும், ஆனால் வாய் தகட்டில் இறங்கும். ராவுவதென்றால் இரண்டு மூன்று உரசல் மட்டும், ஒவ்வொன்றுக்கும் பிறகு தாள் சோதனை.

பயன்பாட்டில் சில வார்த்தை. பாக்கை இதில் வெட்டாதீர்கள், அதற்குத்தான் பாக்குவெட்டி. காய்ந்த பாக்கில் மெல்லிய வாய் பல்லாக உடையும். இளநீர், நுங்கு, எலும்பு, கம்பி, பெயிண்ட் டப்பா மூடி, எதுவும் இதன் வேலை இல்லை. திருகாதீர்கள், நெம்பாதீர்கள். பீங்கான் தட்டில் வைத்து நறுக்கினால் வாய் ஒரே நாளில் போகும், பலகை வேண்டும். அதே பீங்கான் வேறு விதத்தில் உதவும்: கல் கையில் இல்லாதபோது, கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகில்லாமல் இருக்கும் வெள்ளை வளையத்தில் பக்கத்துக்கு ஐந்து இழுப்பு இழுத்தால் அன்றைக்கு ஓட்டலாம்.

மாங்காயும் எலுமிச்சையும் நறுக்கினால் அலகு கருக்கும், முதல் சில நாள் காயிலும் இரும்பு வாடை ஏறும். நறுக்கிய உடனே துடைத்துவிட்டால் போதும். அந்தக் கறை படிந்து கெட்டியான பிறகு வாடை குறையும். ஒரே சீராகக் கருக்க விரும்பினால் கடுக்காய் இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்தில் சேர்க்கிறோமே, அதே கடுக்காய். அதன் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் மைபோலக் கருக்கும். நாலைந்து கடுக்காயின் தோலை இடித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். அலகைச் சோப்பால் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, பிடி படாமல் அதில் தொங்கவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, போதுமான கருமை வந்ததும் கழுவி எண்ணெய் தடவுங்கள். வாய் கருத்தால் கவலையில்லை, தோலில் நாலு இழுப்பில் வெளுக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில்தான் கவனம் வேண்டும். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும், ஒரு வாரத்தில் செந்துரு பூக்கும். எண்ணெய் தொட்ட பருத்தித் துணியில் சுற்றி மரப்பெட்டியில் வைத்தால் போதும். மழைக்காலத்தில் பிடி ஊதித் திறக்கக் கஷ்டமாக இருப்பது இயற்கை, எண்ணெய் விட்டுத் தீர்க்கப் பார்க்காதீர்கள், தை பிறந்தால் சரியாகிவிடும்.

சட்டப்படி 9 அங்குலத்துக்கு நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு அகலமான அலகுகள்தான் ஆயுத விதிகளின் பட்டியலில் வருகின்றன; உங்களுடையது அதன் பக்கத்திலேயே வராது. இருந்தாலும் நீதிமன்றம், கலெக்டர் ஆபீஸ் போகும் நாளில் வீட்டில் விட்டுச் செல்லுங்கள். மதுரையிலோ திருச்சியிலோ விமானம் ஏறும்போது கைப்பையில் இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள், ஏற்றிவிடும் பெட்டியில் வையுங்கள். பொத்தானை அழுத்தினால் பாயும் கத்தி வேண்டவே வேண்டாம்.

இந்தக் கத்தி தேறவில்லை, வில் ஒடிந்திருக்கிறது, அல்லது வாயில் பதமே இல்லை என்று தெரிந்தால், புதிதாக வாங்க பிரான்சின் ஓப்பினெல் நல்ல தேர்வு. 1890இல் சவாய் மலைப்பகுதிக் குடியானவர்களுக்காகச் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி. 8ஆம் எண்ணில் அலகு எட்டரை சென்டிமீட்டர், கழுத்தில் திருகிப் பூட்டும் வளையம் உண்டு. கார்பன் எஃகிலும் ஸ்டெயின்லெஸிலும் கிடைக்கும். ஜப்பானின் ஹிகோனோகாமி அதைவிட எளிது: ஒரு தகட்டு மடிப்பு, ஒரு ஆணி, ஒரு அலகு, அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து யாராவது வரும்போது சொல்லிவிட்டால் இங்கே வாங்குவதைவிட மலிவாக முடியலாம்.

அப்பத்தாவுக்கு ஒரு ஏற்பாடு செய்துகொடுங்கள். வயதானவர் நகத்துக்கு இந்த வில் கனம். நீங்களே திறந்து, அலகின் அடிப்பகுதியில் துணியை இறுகச் சுற்றி, முன்னால் ஒன்றரை அங்குலம் மட்டும் வெளியே இருக்கும்படி கொடுங்கள். வாய் கைக்கு வெளிப்புறமாகப் பார்க்கட்டும். ஓலையில் முனையைக் குத்தாமல் இழுத்தே கிழிக்கச் சொல்லுங்கள். குத்தினால்தான் அலகு மடங்கும். இழுக்கும்போது வில் தாங்கும்.